அழைப்பைத் துண்டிக்கும் உரிமை

2024 அக்டோபர் 27, ஞாயிற்றுக்கிழமை. அன்றைய ‘மன் கீ பாத்’ வானொலி உரையில் பிரதமர், ‘டிஜிட்டல் கைது’ என்னும் மோசடியைப் பற்றிப் பேசினார். அதிகாரி வேடத்தில் காணொளி அழைப்பில் தோன்றி மிரட்டிப் பணம் பறிப்பவர்களிடம் அகப்படாதிருக்க, முதலில் நிற்க வேண்டும், பிறகு சிந்திக்க வேண்டும், அதன் பின்னரே செயல்பட வேண்டும் என்றார். தில்லிப் பல்கலைக்கழகம் ஒன்றின் மாணவியர் விடுதியில் அன்றிரவு உணவு வேளையில் இதுவே பேச்சாயிற்று. படித்தவர்கள்கூட இப்படி ஏமாறுவார்களா என்று வியந்தவர்களுள் மொழியியல் துறை ஆய்வு மாணவி ஒருவரும் இருந்தார். மறுநாள் பிற்பகல், இருபது நிமிடங்களுக்குள் 38,240 ரூபாயை அவரே தம் விரலால் அனுப்பி இழந்தார்.

அவர் பீகாரின் தர்பங்கா மாவட்டத்தைச் சேர்ந்தவர். தாய்மொழி மைதிலி. அம்மொழியின் மரியாதை விகுதிகளே அவரது முனைவர் பட்ட ஆய்வுப்பொருள். தமிழில் ‘வந்தான்’, ‘வந்தார்’ என்னும் வினைமுற்றுகள் எழுவாயின் மதிப்பைக் காட்டுகின்றன. மைதிலி வினையோ செய்பவரின் மதிப்போடு, செயலுக்கு உள்ளாகுபவரின் மதிப்பையும் சேர்த்துக் காட்ட வல்லது. யார் யாரிடம் எந்த அளவு பணிந்து பேசுகிறார் என்பதை நான்கு ஆண்டுகளாக அட்டவணைப்படுத்திக்கொண்டிருந்தவரை வீழ்த்தியதும் ஒரு பணிவான பேச்சே.

மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் தேர்வு வழியாக உதவித்தொகை பெறாத முனைவர் பட்ட ஆய்வாளருக்குக் கிடைப்பது மாதம் 8,000 ரூபாய். அதுவும் அவருக்கு மாதந்தோறும் வந்ததில்லை. ஐந்து மாத நிலுவையான 40,000 ரூபாய் தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் மொத்தமாக வந்து சேர்ந்தது. அதில் பெரும்பகுதி தம்பியின் கல்லூரிக் கட்டணத்துக்கு உரியது. தீபாவளியை அடுத்து வரும் சட் பூஜையில் முப்பத்தாறு மணி நேரம் நீரும் அருந்தாமல் நோன்பிருக்கும் தாய்க்கு, பண்டிகைத் தள்ளுபடியில் 899 ரூபாய்க்கு ஒரு பருத்திச் சேலை வாங்கியிருந்தார். நவம்பர் 2 அன்று பீகார் சம்பர்க் கிராந்தி வண்டியில் ஊருக்குப் புறப்பட வேண்டும். சேலை மட்டும் வந்தபாடில்லை.

விற்பனைத் தளத்தின் உதவி எண்ணைத் தேடுபொறியில் தேடினார். முதலில் கண்ணில் பட்ட எண்ணை அழைத்தார். பெரிய நிறுவனங்களின் சேவை எண்களைப் போலத் தோன்றும்படி தம் எண்களை இணையத்தில் விதைத்து வைப்பது மோசடிக் கும்பல்களின் பழைய உத்தி. பொட்டலங்கள் தாமதமாகும் பண்டிகைக் காலம் அவர்களுக்கு அறுவடைக் காலம். இதில் ஒரு நுட்பம் உண்டு. அறியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எவருக்கும் ஓர் ஐயம் எழும். தாமே தேடி அழைத்த எண்ணின் மீது அந்த ஐயம் எழுவதில்லை.

மறுமுனையில் பேசியவன் வாக்கியத்துக்கு வாக்கியம் ‘ஜீ’ சேர்த்தான். ‘ஆப்’ என்றே விளித்தான். தாமதத்துக்கு மூன்று முறை மன்னிப்புக் கேட்டான். பொட்டலம் வழியில் தொலைந்துவிட்டதாகவும், பணத்தை உடனே திருப்பித் தருவதாகவும் சொன்னான். யுபிஐ செயலியில் ஒரு முகவரியை உள்ளிடச் செய்து, அதன் கீழுள்ள கட்டத்தில் ‘18760’ என்னும் ‘உறுதிக் குறியீட்டை’ எழுதச் சொன்னான். அது தொகை எழுதும் கட்டம். அவன் அதற்குக் குறியீட்டுக் கட்டம் என்று பெயர் சூட்டினான். அவர் அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டார். ரகசிய எண்ணை அழுத்தியதும் 18,760 ரூபாய் போயிற்று. பதறியவரிடம், கணினியில் பிழை, இன்னொரு குறியீட்டால் இரண்டையும் சேர்த்து மீட்டுவிடலாம் என்றான். இரண்டாவது குறியீடு ‘19480’. இம்முறை குரலில் அவசரம் ஏறியிருந்தது. ‘ஆப்’ மறைந்து ‘தும்’ வந்துவிட்டது. மரியாதை ஒரு படி இறங்கியதை ஆய்வாளரின் செவி தெளிவாகக் கேட்டது. ஆயினும் கை நிற்கவில்லை.

ஏன் நிற்கவில்லை என்பதற்கு அவரது பாடநூல்களிலேயே விடை இருந்தது. 1975இல் அச்சான தம் கட்டுரையில் பால் கிரைஸ் விளக்கிய ஒத்துழைப்புக் கோட்பாட்டை மொழியியல் மாணவர் அனைவரும் அறிவர். எதிரில் பேசுபவர் உண்மையை, போதிய அளவில், பொருத்தமாக, தெளிவாகச் சொல்கிறார் என்னும் எதிர்பார்ப்பின் மீதே உரையாடல் நடக்கிறது. சொல்லில் இடைவெளி தென்பட்டால், கேட்பவர் தம் அறிவைக் கொண்டு அதை நிரப்பிக்கொள்கிறார். தொகைக் கட்டத்தில் எதற்குக் குறியீடு என்னும் கேள்வி அவருக்குள்ளும் எழுந்தது. புதிய நடைமுறையாக இருக்கலாம் என்று அவரே விடையும் கண்டார். மோசடிக்காரன் சொல்லாமல் விட்ட காரணத்தை, ஏமாறுபவரின் அறிவு இட்டு நிரப்புகிறது. படிப்பு இங்கே காவலாவதில்லை. விளக்கம் காணப் பழகிய மனம் விரைவாகவே விளக்கம் கண்டுவிடுகிறது.

சொல்வதாலேயே ஒரு செயல் நிகழ்ந்துவிடும் கூற்றுகளை ஜே. எல். ஆஸ்டின் இனங்காட்டினார். 2016 முதல் இந்தியர் கைக்கு வந்துள்ள யுபிஐ ரகசிய எண்ணும் அத்தகைய கூற்றே. அதை அழுத்துவதன் பொருள் ‘கொடுக்கிறேன்’ என்பதே. பணம் பெற ரகசிய எண் தேவையில்லை. க்யூஆர் குறியீட்டை வருடவும் தேவையில்லை. தனிமனிதர் ஒருவர் மற்றொருவரிடம் யுபிஐ வழியே பணம் கேட்டு விடுக்கும் கோரிக்கை வசதி 2025 அக்டோபரில் நிறுத்தப்பட்டதால் ஒரு வாசல் அடைபட்டது. தாமே தொகையை எழுதித் தாமே எண்ணை அழுத்துமாறு ஒருவரைப் பேச்சால் இணங்கவைக்கும் வாசலை எந்தச் சுற்றறிக்கையாலும் முழுமையாக அடைக்க இயலாது.

பணம் போனதைவிடப் பெரிய இழப்பு அதன் பிறகே நேர்ந்தது. இரண்டு நாள் அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. உணவுக்கூடத்தில் வியந்து பேசிய அதே நாவால் எப்படிச் சொல்வது? புதன் மாலை, தட்டில் சோறு அப்படியே இருப்பதைப் பார்த்த சமையற்கூடத்து தீதி, “என்ன பேட்டி, வீட்டில் ஏதேனும் சேதியா?” என்று கேட்டார். அழுகையோடு எல்லாம் வெளிவந்தது. பத்தாம் வகுப்பைத் தாண்டாத அந்தப் பெண்மணிதான் 1930 என்னும் எண்ணைச் சொன்னார். அவருடைய மகனும் முந்தைய ஆண்டு பணம் இழந்திருந்தான்.

தேசிய இணையக் குற்ற உதவி எண்ணான 1930இன் பயன், புகார் எவ்வளவு விரைவாகச் செல்கிறது என்பதைப் பொறுத்தது. பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவி, யாரோ அதை எடுத்துவிடும் முன் வங்கிகள் அதை முடக்க வேண்டும். இரண்டு நாள் கழித்துச் சென்ற அவரது புகாரால் முடக்க முடிந்தது 3,100 ரூபாய் மட்டுமே. அங்கீகாரமற்ற மின்னணுப் பரிவர்த்தனைகள் குறித்து ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையும் நேரத்தையே அளவுகோலாக்குகிறது. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேரும் இழப்பை, அவர் வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவரே ஏற்க வேண்டும். தெரிவித்த பிறகு நேர்வது வங்கியைச் சாரும். எனவே வெட்கத்தில் கழியும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு விலை உண்டு.

சேலை தொலையவே இல்லை. அவர் ஊர் சென்ற பிறகு, நவம்பர் 4 அன்று விடுதிக்கு வந்து சேர்ந்தது. தாய் முந்தைய ஆண்டுச் சேலையைத் துவைத்து உடுத்திக்கொண்டு மாலைச் சூரியனுக்கு அர்க்கியம் கொடுத்தார். தேகுவா பிடித்துக்கொண்டிருந்தபோதே மகள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். தாய் கேட்டது ஒன்றே: “ஐயம் வந்ததும் போனை வைத்திருக்கலாமே?” மகளிடமிருந்து வந்த விடை: “அவன் மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தான், மாய். நடுவில் எப்படி வைப்பது?”

பேசிக்கொண்டிருப்பவரை நடுவில் நிறுத்தலாகாது என்று இந்நாட்டில் எல்லா மொழிகளும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றன. பெண்பிள்ளைகளுக்குக் கூடுதலாகவே கற்பிக்கின்றன. மோசடி வாழ்வது அந்த வளர்ப்பின் மீது. பண்டிகை நாளில் ஒரு மாணவருக்கு முதலில் வேண்டிய பாதுகாப்பு, காரணம் சொல்லாமல் அழைப்பைத் துண்டிக்கும் துணிவு. அடுத்து வேண்டியது, ஏமாந்துவிட்டேன் என்று ஒருவர் வந்து சொல்லும்போது ‘படித்தும் இப்படியா’ என்று கேட்காத துறையும் விடுதியும்.

நவம்பர் நடுவில் தில்லி திரும்பியவர், உணவுக்கூடச் சுவரில் தம் கையெழுத்தில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மைதிலியிலும் ஒரு தாளை ஒட்டினார். உதவி எண்ணைத் தேடுபொறியில் தேடாமல், பொருள் வாங்கிய செயலிக்குள்ளேயே பார்க்க வேண்டும். பணம் பெற ரகசிய எண் வேண்டாம். முன்பின் அறியாதவர் சொல்லும் எந்தச் செயலியையும் நிறுவ வேண்டாம். உதவித்தொகை வரும் கணக்கை யுபிஐயோடு இணைக்காமல், சிறு தொகை மட்டும் உள்ள வேறொரு கணக்கை இணைப்பது நல்லது. பணம் போனால் அந்தக் கணமே 1930. கடைசி வரியில் அவரது அறை எண் இருந்தது. எந்த நேரத்திலும் கதவைத் தட்டலாம் என்று எழுதியிருந்தார்.