சிந்தாதிரிப்பேட்டையோடு நிற்கும் ரயில்

2023 ஆகஸ்ட் 26, சனி

நாளை முதல் சென்னையின் வேளச்சேரி ரயில் சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றுவிடும். பூங்கா நகர், கோட்டை, கடற்கரை மூன்று ஸ்டேஷனுக்கும் பறக்கும் ரயில் கிடையாது. முதலில் ஜூலை 1 என்றார்கள், பிறகு தள்ளிப்போனது. இப்போது 7 மாதம் என்று அறிவித்திருக்கிறார்கள்.

காரணம் நியாயமானதுதான். கடற்கரைக்கும் எழும்பூருக்கும் நடுவே 4.3 கிலோமீட்டர் தூரத்துக்கு மூன்றே பாதைகள். இரண்டு மின்சார ரயிலுக்கு, வெளியூர் வண்டிகளுக்கு மிஞ்சுவது ஒன்று. நான்காவது பாதை போட இடம் வேண்டும். ஒரு பக்கம் கூவம், மறுபக்கம் கோட்டை, ராஜாஜி சாலை. பறக்கும் ரயில் என்று பேர் இருந்தாலும் பூங்கா நகருக்கு வடக்கே அது தரையில்தான் ஓடுகிறது. அந்தத் தண்டவாளத்தை நகர்த்தினால்தான் புதுப் பாதைக்கு இடம் கிடைக்கும்.

1995-ல் முதன்முதலாக ஓடியது கடற்கரை–சேப்பாக்கம் வண்டிதான். 1997-ல் மயிலாப்பூர், 2007-ல் வேளச்சேரி என்று அது நீண்டது. இருப்பதிலேயே பழைய பகுதியைத்தான் இப்போது மூடுகிறார்கள்.

மாலையில் பெண்கள் பெட்டி முழுக்க இதே பேச்சு. வருஷக்கணக்காக ஒன்றாக வருகிறவர்கள், யார் எங்கே இறங்கி எங்கே வேலைக்குப் போகிறார்கள் என்று இன்றுதான் ஒருவரையொருவர் முழுசாக விசாரித்துக்கொண்டோம்.

2023 ஆகஸ்ட் 28, திங்கள்

முதல் வேலைநாள். சேப்பாக்கம் தாண்டியதும் பெட்டி மொத்தமும் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டது. சிந்தாதிரிப்பேட்டையின் படிகளில் கால் வைக்க இடமில்லை. கீழே ஆட்டோக்காரர்கள், "சென்ட்ரல் இருபது, பாரிஸ் நாப்பது" என்று கூவிக்கொண்டிருந்தார்கள். பாரிஸ் என்றால் பாரிமுனை.

அரசு பொது மருத்துவமனையான ஜி.எச்.சில் துப்புரவு வேலை பார்க்கும் ஆயாம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமையும் டூட்டி. அதனால் நேற்றே நடந்து பார்த்து வழி பிடித்து வைத்திருந்தார். "ஆட்டோக்குக் குடுக்காதீங்கம்மா, என் பின்னாலயே வாங்க" என்று முன்னால் போனார். பல்லவன் சாலை வழியாக ஒரு வரிசையாக நடந்தோம். சாப்பாட்டுப் பை, குடை, ஒருத்தியின் இடுப்பில் குழந்தை. நடைபாதை பாதி இடங்களில் இல்லை, பஸ்களோடு ஒட்டி நடக்க வேண்டியிருந்தது.

ஆயாம்மா ஆஸ்பத்திரிக்குத் திரும்பிக்கொண்டார். நான் பூங்கா ஸ்டேஷனுக்குப் போய், தாம்பரத்திலிருந்து வரும் வண்டியில் கடற்கரை வந்து, மண்ணடிக்கு நடந்தேன். நான் வேலை பார்க்கும் கடையில் முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

2023 ஆகஸ்ட் 30, புதன்

இப்போதைக்கு மூன்று வழிகள் தெரிந்திருக்கின்றன.

ஒன்று, ஆயாம்மா காட்டிய நடை. இரண்டாவது மெட்ரோ. சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி அரசினர் தோட்டம் மெட்ரோவுக்கு நடந்தால் அடுத்தது சென்ட்ரல், அதற்கடுத்தது உயர் நீதிமன்றம். ஐகோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கும் அண்ணன் அதில்தான் போகிறார். வெயில் இல்லை, நேரமும் மிச்சம். ஆனால் வேளச்சேரியிலிருந்து கடற்கரை வரை 10 ரூபாயில் போய்க்கொண்டிருந்தவர்களுக்கு, இரண்டு ஸ்டேஷன் போகத் தனி டிக்கெட் என்பது மாதக் கணக்கில் இடிக்கும்.

மூன்றாவது, நான் ரயிலேறும் மந்தைவெளியிலேயே பிராட்வே பஸ் ஏறிவிடுவது. சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஆனால் லஸ், மந்தைவெளி பக்கமெல்லாம் இரண்டாம் கட்ட மெட்ரோ வேலைக்காகத் தெருவை வெட்டி வைத்திருக்கிறார்கள். பஸ் எப்போது போய்ச் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆக, பெண்கள் நேரத்தைக் கொடுக்கிறோம், ஆண்கள் பணத்தைக் கொடுக்கிறார்கள். இரண்டுமே கூலிக்காரர்களிடம் உபரியாக இல்லாதவை.

2023 செப்டம்பர் 4, திங்கள்

இன்று பார்த்தது மனசை விட்டுப் போகவில்லை. சிந்தாதிரிப்பேட்டை நடைமேடையில் ஒரு பெரியவர், முழங்கால் வரை மாவுக்கட்டு, கூட அவர் மனைவி. பெருங்குடியில் ஏறி ஜி.எச்.சுக்குக் கிளம்பி வந்திருக்கிறார்கள். ரயில் பூங்கா நகர் போகாது என்பது இங்கே இறங்கச் சொன்ன பிறகுதான் தெரிந்திருக்கிறது. பூங்கா நகரில் இறங்கினால் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே. அந்த ஒன்றுக்காகவே ரயிலில் வருகிற நோயாளிகள் எத்தனையோ பேர்.

கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் கைகளைக் கோத்து நாற்காலி மாதிரி பிடித்து அவரை உட்காரவைத்து இறக்கினார்கள். அந்த அம்மா எக்ஸ்ரே கவரை மார்போடு அணைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் பின்னால் வந்தார். கீழே ஒரு ஆட்டோக்கார அண்ணன், "உக்காரு பெரியவரே, காசு அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

நல்ல மனுஷர்கள் அந்த நேரத்துக்கு அங்கே இருந்தார்கள். ஆனால் ஒரு நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவது, யாராவது இருப்பார்கள் என்ற நம்பிக்கையில் விடக்கூடிய விஷயமில்லை.

2023 செப்டம்பர் 8, வெள்ளி

குமாஸ்தா அண்ணன் வாட்ஸ்அப் குழு ஆரம்பித்துவிட்டார். எந்த வண்டி தாமதம், எந்தப் பக்கப் படியில் நெரிசல் குறைவு, எல்லாம் அதில் வந்துவிடுகிறது. மழை வந்தால் ஐந்தைந்து பேராக ஒரே ஆட்டோ, தலைக்கு 20-க்கு மேல் கொடுப்பதில்லை என்று பேசி முடித்திருக்கிறோம். போன் இல்லாதவர்களுக்கு ஏறும் ஸ்டேஷனிலேயே சொல்லிவிட வேண்டும் என்பதும் ஏற்பாடு.

மதியம் அண்ணன் எழுதிக் கொடுத்த மனுவை நான் கடையில் தட்டச்சு செய்தேன். கேட்டிருப்பது நாலே விஷயம். காலையும் மாலையும் ஸ்டேஷன் வாசலிலிருந்து ஜி.எச்., பாரிமுனை வழியாகக் கடற்கரை வரை சிற்றுந்து. வேளச்சேரியிலிருந்து எல்லா ஸ்டேஷனிலும் டிக்கெட் கொடுக்கும் இடத்தில், ரயில் எதுவரை போகும் என்று பெரிய எழுத்தில் பலகை. சிந்தாதிரிப்பேட்டையில் சக்கர நாற்காலியும் தள்ள ஆளும். வேலை எவ்வளவு முடிந்திருக்கிறது என்று மாதம் ஒரு முறை அறிவிப்பு.

பாதை போடுவதை நிறுத்துங்கள் என்று ஒரு வரிகூட அதில் இல்லை. கையெழுத்துப் போட்ட எல்லோருமே அதில் தெளிவாக இருந்தார்கள்.

2023 செப்டம்பர் 16, சனி

நாளை மறுநாள் விநாயகர் சதுர்த்தி. மந்தைவெளி ஸ்டேஷன் அடியில் உட்காரும் பூக்கார அக்காவிடம் மல்லி விலை கேட்டேன். ஏறியிருந்தது. பண்டிகை விலை மட்டுமில்லை அது என்று சொன்னார். பாரிமுனை பத்ரியன் தெருவில் விடியற்காலையில் பூ எடுத்து, கோட்டையில் ரயிலேறி இங்கே இறங்குவார். இப்போது மூட்டையோடு ஆட்டோவில் சிந்தாதிரிப்பேட்டை வரை வர வேண்டும்.

"நடந்து வரலாம்தான். பூ காத்துக்கினு இருக்குமா, சொல்லு?" என்று ஈரச் சாக்கை விலக்கிக் காட்டினார். அடியில் இருந்த மொட்டுகள் சூட்டில் வாய் திறந்திருந்தன. திறந்துவிட்டால் மாலைக்குள் வாடிவிடும், பாதி விலைக்குத் தள்ள வேண்டியதுதான். அதனால் எடுக்கிற பூவையே குறைத்துவிட்டாராம்.

ரயில் நின்றதில் போன வருமானம் எந்தக் கணக்கிலும் ஏறாது. புதுப் பாதையின் செலவைச் சொல்லும்போது ரயில்வே தன் செலவைத்தான் சொல்லும். அக்கா கொடுக்கும் ஆட்டோ காசும் அந்தப் பாதைக்குப் போகிற காசுதான்.

2024 ஏப்ரல் 1, திங்கள்

போன வாரமே 7 மாதம் முடிந்துவிட்டது. ரயில் இன்றும் சிந்தாதிரிப்பேட்டையோடுதான் நிற்கிறது. கோட்டை ஸ்டேஷன் பக்கம் போகும்போது பார்க்கிறேன்: ஆட்கள் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். கூவத்தை ஒட்டிய மண்ணில் பாதை கட்டுவது லேசான காரியமில்லை. நெருக்கமான நகரத்தில் தாமதம் வரும்.

ஆனால் தேதியை நம்பித்தான் வாடகை வீடு பார்க்கிறோம், பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று முடிவு செய்கிறோம். எங்கள் பெட்டியில் வந்த ஒரு பெண், மார்ச் வரை பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம் என்றிருந்தவள், போன வாரம் பாரிஸ் வேலையை விட்டுவிட்டு தரமணியில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்துவிட்டாள். தாமதம் ஆகும் என்று ஜனவரியிலேயே சொல்லியிருந்தால் அவள் நிதானமாக வேறு வழி தேடியிருப்பாள்.

2024 அக்டோபர் 29, செவ்வாய்

இன்று முதல் வேளச்சேரி–கடற்கரை ரயில் மறுபடி முழுசாக ஓடுகிறது. தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது திறந்தது பாரிஸ் போகிற ஜனங்களுக்குப் பெரிய உதவி. சிந்தாதிரிப்பேட்டையில், கோட்டை, கடற்கரை போகிறவர்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. குமாஸ்தா அண்ணன் பெட்டி பெட்டியாக வந்து மிட்டாய் கொடுத்தார். பூக்கார அக்கா பழைய அளவுக்கே பூ எடுத்து வந்திருப்பதாகச் சொன்னார்.

பூங்கா நகரில் மட்டும் வண்டி நிற்கவில்லை, அங்கே வேலை இன்னும் பாக்கி. ஆயாம்மாவும் ஜி.எச். நோயாளிகளும் இன்றும் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கித்தான் நடந்தார்கள். நான்காவது பாதையால் நாளை எழும்பூரில் வண்டிகள் காத்திருக்காமல் போகும், அது எல்லோருக்கும் நல்லது. அந்த நல்லதுக்காக நடந்தவர்களில் கடைசி ஆள் தன் ஸ்டேஷனில் இறங்கும் வரை வேலை முடிந்ததாக அர்த்தமில்லை.

குழுவைக் கலைக்க வேண்டாம் என்று மாலையில் முடிவு செய்தோம். பழைய மனு கணினியில் அப்படியே இருக்கிறது. சிற்றுந்தும் சக்கர நாற்காலியும் பூங்கா நகர் திறக்கும் வரையாவது வேண்டும் என்று திருத்தி, நாளைக் காலை வண்டியில் கையெழுத்து வாங்கப் போகிறோம். முதல் கையெழுத்து ஆயாம்மாவுடையது.