தொட்டுக்கொள்ள ஒரு தாய்லாந்து சாஸ்

ஸ்பிரிங் ரோல் தட்டின் ஓரத்தில் சின்னக் கிண்ணம் ஒன்று வரும். அதில் கண்ணாடி மாதிரி பளபளக்கும் சிவப்பு சாஸ். உள்ளே மிளகாய்த் துணுக்குகள் மிதக்காமலும் மூழ்காமலும் அந்தரத்தில் நிற்கும். கடையில் இதன் பெயர் ஸ்வீட் சில்லி சாஸ்.

தாய்லாந்தில் இதன் பெயர் 'நம் ஜிம் கை'. நம் ஊர்க் காதுக்கு உடற்பயிற்சிக் கூடம் ஞாபகம் வரும்! ஆனால் அந்த மொழியில் 'நம்' என்றால் நீர், 'ஜிம்' என்றால் தொட்டுக்கொள்வது, 'கை' என்றால் கோழி. ஆக, கோழிக்குத் தொட்டுக்கொள்ளும் நீர். முக்கியமாக, கரி அடுப்பில் சுட்ட 'கை யாங்' கோழிக்கு. பூண்டு, மிளகு, கொத்தமல்லி வேர், மீன் சாஸ் தடவி ஊறவைத்துச் சுடுவார்கள். கூடவே ஒட்டரிசிச் சோறு.

அந்த நாட்டில் சமையல் அடுப்பிலேயே முடிந்துவிடுவதில்லை. நூடுல்ஸ் கடைக்குப் போனால் மேசையில் நான்கு கிண்ணங்கள் இருக்கும். சர்க்கரை, மிளகாய்த்தூள், மீன் சாஸ், மிளகாய் ஊறிய வினிகர். இனிப்பும் காரமும் உப்பும் புளிப்பும் எவ்வளவு வேண்டும் என்று முடிவு செய்வது சாப்பிடுகிறவர். தொட்டுக்கொள்ளும் சாஸும் இதே வழக்கம்தான்.

பாட்டில் சாஸில் அந்த உரிமை பறிபோகிறது. எல்லோருக்கும் பிடிக்க வேண்டும் என்று செய்வதால் காரத்தையும் புளிப்பையும் அடக்கி, இனிப்பை ஏற்றி விடுகிறார்கள். வீட்டில் செய்தால் அந்த முடிவு திரும்ப நம் கைக்கு வருகிறது. செலவு குறைவு, நேரம் இருபது நிமிடம்.

தேவையானவை:
பழுத்த சிவப்பு மிளகாய் - 6
பூண்டு - 4 பல்
சர்க்கரை - 1 கப்
வினிகர் - அரை கப்
தண்ணீர் - அரை கப்
உப்பு - 1 டீஸ்பூன்
கார்ன்ஃப்ளார் - 1 டேபிள்ஸ்பூன் (2 டேபிள்ஸ்பூன் பச்சைத் தண்ணீரில் கரைத்தது)

மிளகாயையும் பூண்டையும் சின்ன உரலில் கொரகொரப்பாக இடிக்க வேண்டும். மிக்ஸி என்றால் இரண்டு சுற்று போதும். விழுதாகிவிட்டால் சாஸ் கலங்கிவிடும், பளபளப்பு போய்விடும். காரம் குறைய வேண்டுமா? விதையை ஒட்டியிருக்கும் வெள்ளை நரம்பை எடுத்துவிடுங்கள். காரம் அதிகம் இருப்பது அங்கேதான், விதையில் அல்ல. இடித்த கையால் கண்ணைத் தொடாதீர்கள்!

கார்ன்ஃப்ளார் தவிர மற்றதையெல்லாம் ஸ்டீல் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க விடவும். அலுமினியம் வேண்டாம், புளிப்போடு சேராது. முதலில் கிளம்பும் வினிகர் ஆவி மூக்கில் ஏறும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். சிறு தீயில் பத்து நிமிடம் ஆனதும் கரைத்த மாவை ஊற்றிக் கிளறி, ஒரு நிமிடத்தில் இறக்கிவிட வேண்டும். மாவை முதலிலேயே சேர்த்து நெடுநேரம் கொதிக்க விட்டால் புளிப்பே அதன் கெட்டித்தன்மையை உடைத்துவிடும்.

புதிதாகச் செய்பவர்கள் வழுக்குவது இந்த இடத்தில்தான். அடுப்பில் தண்ணியாக இருக்கிறதே என்று இன்னும் காய்ச்சுவார்கள். ஆறியதும் பார்த்தால் கரண்டி நிற்கும் பாகு! சர்க்கரைப் பாகு ஆற ஆறத்தான் கெட்டியாகும். கொஞ்சம் தண்ணியாக இருக்கும்போதே இறக்குவதுதான் சரி.

ருசி பார்ப்பதிலும் ஒரு விஷயம் உண்டு. சூடாக, வெறும் கரண்டியில் நக்கிப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. சூட்டில் புளிப்பு மூக்கைத் தாக்கும், உடனே சர்க்கரையை அள்ளிப் போடத் தோன்றும். ஆறவிட்டு, எதற்குத் தொட்டுக்கொள்ளப் போகிறோமோ அதில் ஒரு துண்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கோழியின் உப்பும் கொழுப்பும் கரிவாசமும் சேரும்போதுதான் சாஸ் முழுமையாகிறது. தனியே பார்க்கும்போது அது பாதிதான்.

தாய்லாந்தின் வடகிழக்கில் உள்ள ஈசான் பகுதியில் இதே கோழிக்கு 'ஜேயோ' என்று வேறொன்று வைப்பார்கள். புளிக்கரைசல், மீன் சாஸ், மிளகாய்த்தூள், வறுத்து இடித்த அரிசிப்பொடி. பனஞ்சர்க்கரை கொஞ்சமாகச் சேர்ப்பதும் உண்டு. இனிப்பு பின்னால் போய், புளிப்பும் புகைவாசமும் முன்னால் வரும். கோழி ஒன்றுதான், கிண்ணம் வேறு.

சுத்தமான கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் சில வாரங்கள் தாங்கும். அடுத்த முறை செய்யும்போது மேலே உள்ள அளவை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. ஒரு மிளகாய் கூடலாம், கால் கப் சர்க்கரை குறையலாம். அந்த மாற்றத்தைச் செய்கிற அன்றுதான் அது உங்கள் வீட்டு சாஸ்.