டோமி தாமஸும் எங்க கோயில் கணக்கும்

கொஞ்சம் நீளமான பதிவு, நேரம் இருக்கிறப்போ படிங்க.

போன வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சு அன்னதானப் பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தோம். கேரி தீவுக்காரங்களுக்குத் தெரியும், பொழுது சாய்ஞ்சா செம்பனைப் பக்கமிருந்து கொசு வந்துடும். சட்டத்துறைத் தலைவர் பதவியையும் அரசாங்கத்துக்காக வழக்குத் தொடுக்கிற பதவியையும் ரெண்டா பிரிக்கணும்னு பல வருசமா பேச்சு இருக்கில்ல, அதை ஒரு தம்பி எடுத்தார். உடனே ஒரு அண்ணன், "பிரிச்சா என்ன, பிரிக்காட்டி என்ன? நம்ம ஆளு ஒருத்தர் அந்த நாற்காலியில உட்கார்ந்தாரு, நிம்மதியா வேலை செய்ய விட்டாங்களா?"ன்னு கேட்டார். டோமி தாமஸைத்தான் சொன்னார். அதோட அண்டா பாதி கழுவினபடி நின்னுபோச்சு.

2018 ஜூன் மாசத்தை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. மே 9 தேர்தலில் ஆட்சி மாறி, மகாதீர் மறுபடியும் பிரதமர். சட்டத்துறைத் தலைவரா டோமி தாமஸ் பெயரை மட்டும் கொடுத்தாங்க. அரண்மனையின் சம்மதம் வர நாளாச்சு. கடைசியில ஜூன் 4 ராத்திரி கடந்துதான் அறிவிப்பு வந்தது. மலாய்க்காரர் அல்லாத ஒருத்தர் அந்தப் பதவிக்கு வந்தது 55 வருசத்தில் அதுதான் முதல் தடவை. இந்த நியமனத்தால மலாய்க்காரர் சிறப்புரிமைக்கும் இஸ்லாத்தின் நிலைக்கும் பாதிப்பில்லைன்னு அரண்மனை சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு வக்கீலை வேலைக்கு எடுக்க நாடு அவ்வளவு பதறுச்சு.

அப்ப நோன்பு மாசம். தோட்டத்தில எங்களோட வேலை பார்த்த ஒரு மலாய்க்கார மண்டோர், நல்ல மனுசர், நேராவே கேட்டார்: "ஷரியா தெரியாதவர் அரசாங்கத்துக்கும் மன்னர்களுக்கும் எப்படி ஆலோசனை சொல்வார்? மலாய் மொழியும் சரளமா வராதாமே?" எங்களுக்குக் கோபம் வந்துடுச்சு. இதெல்லாம் இனவாதம்னு முகத்தை முறிச்சிக்கிட்டு வந்துட்டோம். பதில் சொல்லியிருக்கலாம். ஆனா பதில் எங்களுக்கே தெரியாது.

பிறகுதான் தேடிப் படிச்சோம். கூட்டரசு அரசியலமைப்பின் 145வது விதி, கூட்டரசு நீதிமன்ற நீதிபதியாகத் தகுதி உள்ளவரைப் பிரதமரின் ஆலோசனைப்படி மாமன்னர் நியமிக்கணும்னு சொல்லுது. அந்தத் தகுதி, குடிமகனா இருக்கணும், பத்து வருசம் வக்கீலாவோ நீதி, சட்டச் சேவையிலோ இருந்திருக்கணும். இனம், மதம் எதுவும் அதில இல்ல. வழக்குத் தொடுக்கவும் நிறுத்தவும் அதே விதி அதிகாரம் கொடுக்குது. ஆனா ஷரியா நீதிமன்ற வழக்கு அதில சேராதுன்னு தெளிவா எழுதியிருக்கு. டோமி தாமஸ் 40 வருசத்துக்கு மேல வக்கீல் தொழில் பார்த்தவர். காகிதத்தில தகுதிக்குக் குறைவே இல்ல.

சரி, காகிதத்தில இருந்தா போதுமா? அவருக்கு முன்னால இருந்த அபாண்டி அலி, கூட்டரசு நீதிமன்ற நீதிபதியாகவே இருந்தவர். மலாய் மொழி, மதம் எதிலயும் யாரும் குறை சொல்லல. 2016 ஜனவரியில, நஜிப் கணக்குக்கு வந்த 260 கோடி வெள்ளி விசயத்தில குற்றம் எதுவும் இல்லைன்னு சொல்லி கோப்பை மூடினவரும் அவர்தான்.

டோமி தாமஸ்கிட்ட உண்மையில கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேற. அவர் சிவில், வணிக, அரசியலமைப்பு வழக்குகளில் பெயர் எடுத்தவர், குற்றவியல் அவர் துறை இல்ல. வந்து உட்கார்ந்ததோ நாட்டின் தலைமை அரசு வழக்குரைஞர் நாற்காலியில. இதை மண்டோரும் கேட்கல, நாங்களும் கேட்கல. அவருக்கே அது தெரிஞ்சிருக்கணும்னு எங்களுக்குத் தோணுது. 1எம்டிபி வழக்குகளுக்கு முன்னாள் நீதிபதி கோபால் ஸ்ரீராமையும், எஸ்.ஆர்.சி. வழக்குக்கு வி. சிதம்பரத்தையும் வெளியிலிருந்து கொண்டு வந்தார். எஸ்.ஆர்.சி. வழக்கில் 2020 ஜூலை 28ல் நஜிப்புக்கு 12 வருசம் தண்டனை வந்தது. அப்ப டோமி தாமஸ் பதவியில இல்ல.

இன்னொண்ணும் ஒத்துக்கணும். அவரை "நம்ம ஆளு"ன்னு சொன்னோமே, அவர் மலையாளிக் கிறிஸ்தவர். அம்மன் கோயிலில அண்டா கழுவுற நமக்கு அவர் எப்படி நம்ம ஆளு? அந்த ராத்திரி வாட்ஸ்அப்பில் யாரும் யோசிக்கல. மண்டோர் எந்த அளவுகோலைப் பிடிச்சாரோ அதே அளவுகோலின் மறுமுனையை நாங்க பிடிச்சிருந்தோம்.

சீபீல்ட் மகா மாரியம்மன் கோயில் கலவரம் வந்தப்போ இது இன்னும் வெளிப்பட்டது. 2018 நவம்பர் கடைசி. அங்க காயப்பட்ட தீயணைப்பு வீரர் முகமட் அடிப் டிசம்பர் 17ல் இறந்து போனார். 24 வயசுப் பையன். மரண விசாரணை நடந்தப்போ சட்டத்துறைத் தலைவர் ஒரு பக்கம் சாயறார், பதவி விலகணும்னு குரல் எழும்புச்சு. நாங்க அதை முழுசா படிக்காமலே அவர் பக்கம் நின்னோம். அது கோயில் விசயம், அவர் நம்ம ஆளு, அவ்வளவுதான் எங்க வாதம். அடுத்த வருசம் செப்டம்பரில், அடையாளம் தெரியாதவங்க செஞ்ச குற்றச்செயலால அவர் இறந்தார்னு மரண விசாரணை நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அந்தப் பையனின் அப்பா அம்மாவை நினைச்சு ஒரு விளக்குகூட நாங்க ஏத்தல. இதை எழுதும்போது வெட்கமாத்தான் இருக்கு.

2019 அக்டோபரில் விடுதலைப் புலிகளோட தொடர்புன்னு 12 பேரை சொஸ்மா சட்டத்தில் பிடிச்சாங்க. ரெண்டு சட்டமன்ற உறுப்பினரும் அதில. தீபாவளிக்கு அவங்க வீட்டில இல்ல. நாலு மாசம் கழிச்சு, 2020 பிப்ரவரி 21ல், தண்டனை கிடைக்கிற அளவுக்கு ஆதாரம் இல்ல, ஒரு தலைவரின் படத்தை வச்சிருந்தா தீவிரவாதி ஆகிட முடியாதுன்னு சொல்லி வழக்கை நிறுத்தினார் டோமி தாமஸ். நாங்க சர்க்கரைப் பொங்கல் வச்சோம். ஒரு வாரத்தில அவரும் பதவி விலகிட்டார்.

போன வெள்ளி அந்தத் தம்பி கேட்டது இதுதான்: "அண்ணே, குற்றம் சாட்டினதும் அவர் அலுவலகம்தானே? ஆதாரம் இல்லைன்னு நாலு மாசம் கழிச்சா தெரியும்?" யாரும் வாய் திறக்கல. பொங்கல் வச்ச அண்ணன் அண்டாவைத் திரும்பத் தேய்க்க ஆரம்பிச்சிட்டார்.

தம்பி அதோட விடல. "நம்ம கணக்கு விசயத்தில மட்டும் என்ன செஞ்சோம்?"ன்னார்.

தெரியாதவங்களுக்காகச் சொல்றோம். போன பொதுக்கூட்டத்தில கணக்குப் பரிசோதகர் பதவிக்கு ஒரு தங்கச்சி பெயர் வந்தது. கிள்ளானிலிருந்து நம்ம தீவுக்கு மருமகளா வந்த பொண்ணு, தொழிலே கணக்காய்வு. சீனப் பள்ளியில படிச்சதால தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கும். "தமிழ் வாசிக்கத் தெரியாதவங்க அம்மன் கணக்கைப் பார்க்கிறதா?"ன்னு ஒருத்தர் எழுந்து கேட்டார். நாங்க கைத்தட்டினோம். டோமி தாமஸின் மலாய் மொழியைப் பத்திப் பேசினவங்ககிட்ட முகத்தை முறிச்சிக்கிட்டு வந்தோமே, அதே நாங்கதான். அந்தப் பொண்ணு மெதுவா, "பில்லெல்லாம் மலாய்லயும் சீனத்துலயும்தானே இருக்கு, அண்ணே"ன்னு சொல்லிட்டு உட்கார்ந்துடுச்சு. கூட்டத்தில பாதிப் பேர் காதில அது விழல.

பதவி தோட்டத்துப் பிள்ளை ஒருத்தருக்குப் போச்சு. நல்ல பையன், காவடிக்கு முதல் ஆளா நிப்பான். கணக்கு அவன் வேலை இல்ல. பொதுக்கூட்டம் முடிஞ்சு 60 நாளில் சங்கப் பதிவகத்துக்குப் போக வேண்டிய ஆண்டு அறிக்கை இன்னும் போகல. தப்பு அவன் மேல இல்ல, கைத்தட்டின எங்க மேல.

ஞாயித்துக்கிழமை நாலு பேர் அந்தத் தங்கச்சி வீட்டுக்குப் போனோம். தேத்தண்ணி கொடுத்துச்சு. "பார்த்துத் தர்றேன், அண்ணே. ஆனா அடுத்த கூட்டத்தில அன்னைக்கு எழுந்து பேசின மாமாவே என் பெயரை முன்மொழியணும்"னு சொன்னுச்சு. மாமாகிட்ட இன்னும் பேசல. இந்தப் பதிவை அவர் படிப்பார்னு தெரியும்.

பில் எல்லாம் மூணு பெட்டி இருக்கு, மழையில நனையாம கொண்டுபோய்ச் சேர்க்கணும். சனிக்கிழமை காலையில வேன் இருக்கிறவங்க யாராவது சொல்லுங்க.