சன்னலை அடைத்த பின்

பாலக்காட்டுக் கணவாயை அடுத்து வாழ்வோர்க்குக் காற்றின் வலிமையை யாரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள அவ்விடைவெளியில் மழைக்காலத்தில் மேற்கிலிருந்தும், மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்தும் காற்று வீசுகிறது. அதனை நம்பியே கஞ்சிக்கோட்டில் காற்றாலைகள் எழுந்தன. எங்கள் இளமைக்கால ஆட்டம் பூப்பந்து. 27 முதல் 30 கிராம் எடையுள்ள கம்பளிப் பந்து காற்றை ஓரளவு எதிர்த்துச் செல்லும். இறகுப்பந்தின் எடையோ ஐந்தரை கிராமுக்குள் அடங்கும். அதற்குச் சுவர் வேண்டும், கூரை வேண்டும், சன்னல்கள் அடைபட வேண்டும். குளிரூட்டியின் காற்றுக்கும் அஞ்ச வேண்டும்.

உள்விளையாட்டரங்கு என்னும் கட்டடத்தின் சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. கட்டிய பின் அதில் விளையாட்டு மட்டும் நடைபெறுவதில்லை. சென்னை நேரு உள்விளையாட்டரங்கு 1995ஆம் ஆண்டின் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டப்பெற்றது; சுமார் 8,000 பேர் அமரலாம். 2022இல் சதுரங்க ஒலிம்பியாடின் தொடக்க விழா, ஆட்டமும் பாட்டுமாக அங்கேதான் நடைபெற்றது. பேரரங்குகளைக் கட்டிக் காப்பதற்கான செலவை நோக்கினால் இந்த இரட்டைப் பயன்பாடு நியாயமானதே. ஆனால் பந்துக்கு உகந்த அறை பாட்டுக்கும் உகந்ததாக அமைவது அரிது.

கட்டட ஒலியியலில் ஆய்வு செய்யும் எவரும் வாலஸ் சபைன் என்னும் பெயரிலிருந்தே தொடங்குவர். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் புதிய விரிவுரைக் கூடம் ஒன்றில் பேச்சு விளங்கவில்லை. ஒரு சொல் ஐந்து நொடிக்கு மேல் முழங்கிக்கொண்டிருந்தது. வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவுதோறும் சுமந்து வந்து அடுக்கி, எதிர்முழக்கம் எவ்வளவு குறைகிறது என்று அவர் அளந்தார். அவர் கண்டது எளிய விதி: அறையின் கனஅளவை அதன் ஒலி உறிஞ்சும் பரப்பால் வகுத்து 0.161 ஆல் பெருக்கினால் எதிர்முழக்க நேரம் நொடிகளில் கிடைக்கும். உறிஞ்சலுக்கு அவர் கொண்ட அலகு என்ன தெரியுமா? திறந்த சன்னல்! வெளியேறிய ஒலி திரும்புவதில்லை. இறகுப்பந்துக்காக நாம் முதலில் அடைப்பதும் அதே சன்னலைத்தான்.

கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். பன்னாட்டு இறகுப்பந்துப் போட்டிக்குக் களத்தின் மேல் 12 மீட்டர் உயரம் தடையின்றி இருக்க வேண்டும். எனவே கனஅளவு பெருகும். 60,000 கன மீட்டர் அரங்கில் தகரக் கூரையும் சிமெண்டுச் சுவரும் மரத்தளமும் சேர்ந்து 2,400 சதுர மீட்டர் அளவே உறிஞ்சுவதாகக் கொண்டால், எதிர்முழக்கம் 4 நொடி. நொடிக்கு எட்டுச் சொல் விழும் மிருதங்க வாசிப்பில் முப்பதுக்கும் மேற்பட்ட சொற்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும். 4,000 பேர் வந்து அமர்ந்தால், ஆளுக்கு அரை சதுர மீட்டராக 2,000 கூடி, அது 2.2 நொடியாகக் குறையும். கூட்டம் வந்ததும் ஒலி தெளிவதாக இசைக்கலைஞர்கள் சொல்வது மனமயக்கம் ஆகாது. கூரையின் அடியில் 4,000 சதுர மீட்டருக்குக் கண்ணாடி இழைப் பஞ்சும் துளையிட்ட தகடும் பொருத்தினால் 1.3 நொடி வரை இறங்கும். பந்துக்கு அதனால் எந்த இடையூறும் இல்லை.

பாலக்காடு மணி ஐயர் பிற்காலத்தில் ஒலிபெருக்கி இல்லாத கச்சேரியையே விரும்பினார். அது பிடிவாதம் என்று பலரும் கருதினர். எனக்கு அது ஒலியியல் வாதமாகவே படுகிறது: எதிர்முழக்கம் மிகுந்த கூடத்தில் ஒலிபெருக்கியின் அளவைக் கூட்டினால் முழக்கமும் சேர்ந்தே கூடும், தெளிவு கூடாது.

கூரை ஏறிய பிறகு பஞ்சு பொருத்துவதற்குச் சாரம் கட்டி, அரங்கை மாதக்கணக்கில் மூடவேண்டி வரும். ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே எதிர்முழக்க நேரத்தை ஓர் எண்ணாக எழுதிவிட்டால் கட்டுபவர் அதற்குப் பொறுப்பாவார். நிதி குறையும்போது முதலில் வெட்டுப்படுவது கண்ணுக்குத் தெரியாத செலவுதான் என்பதால், அந்த எண் ஆவணத்தில் இருப்பது இன்றியமையாதது.

இதை வாசிக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் உள்ளரங்கு ஆளின்றி இருக்கும் வேளையில் நடுவில் நின்று ஒருமுறை ஓங்கிக் கைதட்டுங்கள். ஒலி அடங்கும் வரை கைப்பேசியில் பதிவு செய்து, அரங்கின் நீளம், அகலம், உயரத்துடன் எனக்கு அனுப்புங்கள்.