புளியங்கொட்டையும் பிஸ்கட் ஏஜென்சியும்

வியாபாரம் கத்துக்கணும்னா ஒண்ணு அப்பாவுக்குக் கடை இருக்கணும், இல்லேன்னா எம்.பி.ஏ. படிக்கணும்னு நம்மூர்ல ஒரு நம்பிக்கை உண்டு. மூணாவதா ஒரு வழி இருக்கு. விளையாடறது. சும்மா சொல்லலீங்க. 1960 வாக்கில் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் ஜே ஃபாரஸ்டர் குழுவினர் 'பீர் கேம்'னு ஒண்ணை உருவாக்கினாங்க. இன்னிக்கும் மேலாண்மை வகுப்புகள்ல அது ஓடிட்டிருக்கு. கம்ப்யூட்டர்கூட வேண்டாம். ஒரு மேஜை, கொஞ்சம் காசு, துண்டுச் சீட்டு, நாலு பேர் போதும். (பேர்லதான் பீர். பயப்படாதீங்க :-))

ஆட்டம் ரொம்ப சிம்பிள். நாலு பேரும் வரிசையா உக்காரணும்: சில்லறைக் கடை, ஹோல்சேல், டிஸ்ட்ரிபியூட்டர், ஃபேக்டரி. வாரா வாரம் எடுக்க வேண்டிய முடிவு ஒண்ணே ஒண்ணு. எத்தனை பெட்டி ஆர்டர் போடறது? ஆர்டர் சீட்டு மேலே போய்ச் சேரவும் நாளாகும், சரக்கு கீழே வந்து சேரவும் நாளாகும். ஒருத்தரோட ஒருத்தர் பேசக் கூடாது. வாடிக்கையாளர் எத்தனை கேட்டார்ங்கறது சில்லறைக் கடைக்கு மட்டும்தான் தெரியும். கையில தேங்கற பெட்டிக்கு வாரம் அரை டாலர் செலவு. கேட்டும் குடுக்க முடியாம நிக்கற பெட்டிக்கு ஒரு டாலர். கடைசியில நாலு பேர் செலவையும் கூட்டணும். எந்த டீமுக்குக் குறைச்சலோ அது ஜெயிச்சது.

இதை நான் நடத்திப் பார்த்தது எந்த ஏ.சி. ரூம்லயும் இல்ல. கோவில்பட்டி பக்கம், எங்க அக்கா வீட்டுக் கூடத்துல. அதுக்குக் காரணம் இருந்துச்சு. அத்தானுக்கு பிஸ்கட் ஏஜென்சி. தீபாவளிக்கு ரெண்டு மாசம் முன்னாடி கடைகள்லேர்ந்து ஆர்டர் திடீர்னு எகிற ஆரம்பிச்சது. மாசம் நானூறு பெட்டி கேட்டுட்டிருந்த லைன்ல எழுநூறு. அத்தான் அக்கா நகையை அடகு வெச்சு ஸ்டாக்கை ரெண்டு மடங்காக்கறதா முடிவு பண்ணிட்டார். அக்கா அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. எனக்கு மட்டும் ஃபோன் போட்டு, "நீ ஒருதடவ வந்துட்டுப் போயேன்டா"ன்னா.

அத்தான்கிட்ட நேரடியா 'வேண்டாம்'னு சொல்ல முடியுமா? இருபது வருஷமா வியாபாரம் பண்றவர். நானோ மாசச் சம்பளக்காரன். அதனால ஞாயித்துக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் சீட்டுக்கட்டுக்குப் பதிலா இதை எடுத்து விட்டேன். பெட்டிக்குப் புளியங்கொட்டை. அக்கா சில்லறைக் கடை, அக்கா பொண்ணு ஹோல்சேல், அத்தான் டிஸ்ட்ரிபியூட்டர், பக்கத்து வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் ஃபேக்டரி. வாடிக்கையாளர் சீட்டை வாரா வாரம் அக்காகிட்ட கவுத்து நீட்டறது என் வேலை.

பத்து வாரத்துல எல்லார்கிட்டயும் பாக்கி. அத்தான் பதறிப் போய் முப்பது, நாப்பதுன்னு ஆர்டர் போடறார். வாத்தியார் அதுக்கு மேலே அம்பது தயாரிக்கறார். இருபதாவது வாரம் மொத்தமும் ஒரே நேரத்துல வந்து இறங்கிச்சு. அத்தான் முன்னாடி புளியங்கொட்டை மலை! அதுக்கப்புறம் ஆறு வாரம் அவருக்கு ஒரு ஆர்டரும் வரலை. "யாரோ கஸ்டமர் வேணும்னே விளையாடறான் மாப்ள, ஒருவாரம் அள்றான், ஒருவாரம் ஆளையே காணோம்"னார்.

ஆட்டம் முடிஞ்சதும், வாடிக்கையாளர் எப்படி வாங்கினார்னு நினைக்கறீங்களோ அதை வரைஞ்சு காட்டுங்கன்னேன். அக்காவைத் தவிர மூணு பேரும் மலையும் பள்ளமுமா வரைஞ்சாங்க. அப்புறம் சீட்டுகளைத் திருப்பிக் காட்டினேன். முதல் நாலு வாரம் 4. அஞ்சாவது வாரத்துலேர்ந்து கடைசி வரைக்கும் 8. மாறினது ஒரே ஒரு தடவை. மத்த ஆட்டம் பூரா நாலு பேரும் சேர்ந்து பண்ணிக்கிட்டது.

நம்ம வீட்டுல மட்டும் இல்லீங்க. எம்.ஐ.டி.யின் ஜான் ஸ்டெர்மன் 1989-ல் இந்த ஆட்டத்தோட முடிவுகளை ஆராய்ஞ்சு எழுதினார். டீம்களோட சராசரி செலவு சுமார் 2,000 டாலர். நிதானமா ஆடியிருந்தா சுமார் 200-லயே முடிஞ்சிருக்கும். வர வேண்டிய சரக்கை மறந்துட்டு மறுபடி மறுபடி ஆர்டர் போடறதுதான் முக்கியக் காரணம்ங்கறார். இதுக்கு 'புல்விப் எஃபெக்ட்'னு பேரு. சாட்டையோட பிடியை லேசா அசைச்சா நுனி எங்கயோ எகிறும் இல்லையா, அது. 1997-ல் ஹாவ் லீ, பத்மநாபன், வாங் மூணு பேரும் இதுக்கு நாலு காரணம் சொன்னாங்க. அதுல ஒண்ணு, தட்டுப்பாடு வந்தா எல்லாரும் ஆர்டரை ஊதிக் காட்டறது.

அந்த ஒண்ணுதான் அத்தானுக்குச் சுருக்குன்னு பட்டது. அதுக்கு முந்தின ஒரு மாசம் கம்பெனியிலேர்ந்து கேட்டதுல பாதிதான் லோடு வந்திருந்தது. இவரும் கடைகளுக்குப் பாதி பாதியாத்தான் பிரிச்சுக் குடுத்திருக்கார். நம்ம அண்ணாச்சிங்க லேசுப்பட்டவங்களா? இருபதுன்னு எழுதினாத்தானே பத்து வரும்!

மறுநாள் அத்தான் பத்து கடைக்குப் போனார். எவ்வளவு வேணும்னு கேக்கலை. எவ்வளவு வித்துச்சுன்னு கேட்டார். பத்து சதவீதம் கூடியிருந்தது, அவ்வளவுதான்.

ராத்திரி நோட்டை எடுத்து வெச்சு கணக்குப் போட்டோம். நாள் விற்பனை 40,000. குடோன்ல 18 நாள் சரக்கு. கடைகளுக்கு 21 நாள் கடன். கம்பெனிக்கோ முன்பணம். ஆக 39 நாள் பணம் வெளியில, 15.6 லட்சம். ஸ்டாக்கை ரெண்டு மடங்காக்கினா இன்னும் 7.2 லட்சம் போய் உக்காரும். ரூபா வட்டின்னாலே மாசம் 7,200. மாசம் 26 நாள் விற்பனை, அஞ்சு சதவீத மார்ஜின், ஆக 52,000. வேன், பையன் சம்பளம், வாடகை போக நிக்கறது 20,000. அதுல மூணுல ஒரு பங்குக்கு மேல வட்டிக்கே, அதுவும் விற்பனை ஏறாமலே.

அத்தான் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "இந்த 21 நாளை 15 ஆக்கினா எவ்வளவு கிடைக்கும் மாப்ள?"ன்னார். 2.4 லட்சம். வட்டியில்லாத கடன்! அப்படிக் கேக்கணும்னு நான் சொல்லிக் குடுக்கலை. நகை லாக்கர்லயே இருக்கு. கடன் நாள் இப்போ 17-ல நிக்குது. தீபாவளிக்கு ரெண்டு ஐட்டம் தட்டுப்பாடாச்சு, அதையும் சொல்லிடணும்.

ஆட்டம் எல்லாத்தையும் சொல்லித் தராது. அதுல கடன் வசூல் கிடையாது, எக்ஸ்பயரி கிடையாது, "நாளைக்குத் தரேன் அண்ணாச்சி" கிடையாது. எல்லாப் பெட்டிக்கும் ஒரே விலை. ஆனா தேங்கின சரக்கு தேங்கின பணம்ங்கறதைக் கையால எண்ணிப் பார்க்க வெக்குது. மத்தவங்களைத் திட்டறதுக்கு முன்னாடி நம்ம ஆர்டரைப் பார்க்கச் சொல்லுது. நிஜக் கடையில அதைக் கத்துக்க ஆகற செலவோட பார்த்தா, புளியங்கொட்டை ரொம்ப மலிவு.

டிஸ்கி: வாத்தியார் அடுத்த ஞாயித்துக்கிழமை மறுபடி ஆடணுமாம். இந்த வாட்டி ஃபேக்டரி வேண்டாமாம் :-)