ஹௌராவில் ஒரு ராமகிருஷ்ணபுரம்

கல்கத்தா யாத்திரை செல்லும் நம்மவர் பலருக்கு ஹௌரா என்பது ரயில் நிலையம் மட்டுமே. இறங்கியதும் 1943-இல் திறக்கப்பட்ட பெரும்பாலத்தைக் கடந்து காளிகாட்டுக்கு விரைவர். அன்றேல் வடக்கே பேலூர் மடம் செல்வர். கங்கையின் மேற்குக் கரையில் பட்டறைகளும் குறுகிய சந்துகளும் மக்கள் நெருக்கமுமாக விளங்கும் இவ்வூரில் நின்று தரிசிப்போர் சிலரே. அது பெரும் குறை.

நிலையத்துக்குத் தெற்கே, ஆற்றோரமாக அமைந்தது ராமகிருஷ்ணபுரம். பரமஹம்சரின் இல்லறச் சீடர் நவகோபால் கோஷ், குருநாதரின் திருநாமம் தாங்கிய இடம் என்பதாலேயே இங்கு வீடு கட்டினார். 1898 பிப்ரவரி 6, மாகப் பௌர்ணமி. சுவாமி விவேகானந்தர் துறவியருடன் படகில் வந்து படித்துறையில் இறங்கினார். மேலைநாடுகளில் புகழ்க்கொடி நாட்டித் திரும்பியிருந்த அவர், கழுத்தில் மத்தளம் மாட்டி, வெறுங்காலுடன் வீதியில் பாடிக்கொண்டே நடந்தார்!

வீட்டு அம்மையார் தம் எளிமையைக் கூறித் தயங்கினார். சலவைக்கல் பதித்த இத்தகைய வீட்டில் பரமஹம்சரின் பதினான்கு தலைமுறையினரும் வாழ்ந்ததில்லையே என்று சுவாமிகள் வேடிக்கையாகத் தேற்றினாராம். பின்னர்க் குருதேவரின் திருவுருவத்தைப் பிரதிஷ்டை செய்து, அங்கேயே அமர்ந்து வணக்க சுலோகம் ஒன்றை இயற்றினார். இன்று ராமகிருஷ்ண மடங்களில் ஓதப்படும் பிரணாம மந்திரம் அதுவே. அது பிறந்தபோது பேலூர் மடம் எழும்பியிருக்கவில்லை. அவ்வாண்டு டிசம்பரில்தான் குருதேவரின் திருவஸ்தியைச் சுவாமிகள் தம் தோளில் சுமந்து அங்குச் சேர்த்தார்.

திரும்பும் ரயிலுக்குக் காத்திருக்கும் வேளையிலேயே இவ்விடம் சென்று வரலாம்.