வளர்த்தவன் கணக்கு

கூடைப்பந்து ஆடத் தெரியாத ஒருவன் கூடைப்பந்துக் குழு ஒன்றுக்கு முதலாளியாக இருக்கலாமா? தாராளமாக இருக்கலாம். நூல் நூற்கத் தெரியாதவர்கள் நூற்பாலை நடத்திய ஊர்தானே எங்கள் கோயமுத்தூர்!

என் குழு மைதானத்தில் ஆடுவதில்லை. 2007-ல் தொடங்கிய 'பஸ்ஸர்பீட்டர்' என்னும் இணைய விளையாட்டிலே ஆடுகிறது. அதன் ஆட்டக்காரர்கள் வெறும் பெயரும் எண்ணும்தான். ஆனால், இல்லாத மனிதர்களுக்காகக் கவலைப்படுவது கதை எழுதிப் பிழைக்கிற எனக்குப் புதிதல்லவே! இதில் என்னைச் சேர்த்துவிட்டவன், பீளமேட்டில் பம்பு செட் பட்டறை வைத்திருக்கும் என் அக்காள் மகன்.

பதினெட்டு வயதுப் பையன்களைப் பிடித்து வளர்க்க வேண்டும். இளம் வயதில்தான் வித்தை சீக்கிரம் ஏறும். வாரத்துக்கு ஒரே பயிற்சி. பந்து எறிதல், பிறருக்குக் கொடுத்தல், எதிரியைத் தடுத்தல் என்று ஏதாவது ஒன்று. அதுவும் அந்தப் பயிற்சிக்கு உரிய இடத்தில் 48 நிமிஷம் ஆடியவனுக்கே முழுப் பலன். கூடையடியில் நிற்க வேண்டிய நெட்டையனுக்குப் பந்து கொடுக்கும் வித்தையைக் கற்பிக்க வேண்டுமா? அவனைக் குட்டையர்கள் நிற்கும் 'கார்டு' இடத்தில் நிறுத்த வேண்டும். அன்றைய ஆட்டம் கோவிந்தா! இன்றைய தோல்வியைக் கொடுத்து நாளைய ஆட்டக்காரனை வாங்குகிற வியாபாரம் இது. தென்னங்கன்று வைத்துக் காத்திருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அப்படி ஒரு நெட்டையனை வளர்த்தேன். பருவம் ஒன்றுக்கு 14 வாரம். மூன்று பருவம் வளர்த்தேன். தேர்ந்த ஆட்டக்காரன் ஆனான். அங்கேதான் வந்தது வினை. புதுப் பருவம் பிறக்கும்போது திறமைக்குத் தக்கபடி சம்பளம் உயர்ந்துவிடும். அவன் ஒருவனுக்கே என் டிக்கெட் வசூலில் பெரும் பகுதி போய்விடும்.

கோவையில் நடக்கும் நாச்சிமுத்து கவுண்டர் கோப்பைப் பந்தயத்துக்கு வங்கிக் குழுக்களும் ராணுவக் குழுக்களும் வருவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஆட்டக்காரனுக்கு உத்தியோகம் உண்டு. நன்றாக ஆடினான் என்பதற்காக வங்கி திவாலாவதில்லை. என் கதை அப்படியா?

"ஏனுங் மாமா, இன்னும் வெச்சுட்டு இருக்கறீங்க? வித்துப் போடுங்க. அந்தக் காசுல ரெண்டு பசங்களைப் புடிக்கலாமுங்க" என்றான் மருமகன்.

"வளர்த்த பையனை எப்படி மாப்பிள்ளை விக்கறது?"

"கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குக் காங்கேயம் கன்னைப் புடிச்சுட்டுப் போறவங்கெல்லாம் வளர்க்காததையா புடிச்சுட்டுப் போறாங்க?"

பதில் சொல்ல முடியவில்லை. வைத்துக்கொண்டால் அவன் சம்பளத்துக்காக மற்றவர்களை ஒவ்வொருவராக விற்க நேரும். அப்புறம் அவன் யாருக்குப் பந்தைக் கொடுப்பான்? குழு என்பது சிறந்த ஒருவன் அல்ல. ஒருவன் கொடுக்கும் பந்தை வாங்க இன்னொருவன் இருப்பது. ஏலத்தில் விட்டேன். கடல் கடந்த ஒரு முதலாளி நல்ல விலைக்கு வாங்கினார். இல்லாத பையன்தான், என்றாலும் அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

எங்கள் பக்கம் மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுப்பதில்லை. கயிறு வீட்டில் இருந்தால் அடுத்த கன்று வரும் என்பது நம்பிக்கை. வந்த பணத்தில் பதினெட்டு வயதுப் பையன்கள் இருவர் வந்திருக்கிறார்கள். இருவருக்கும் பந்து கொடுக்கத் தெரியாது. இந்த வாரமும் தோற்போம் என்று தெரிந்தே அவர்களை ஆட விட்டிருக்கிறேன்.